கூரைக்கான மானியம் ஏன் கிடைக்கவில்லை?

வணக்கம். லீட்ஸில் உங்கள் திருச்சபையின் கூரையைப் பழுதுபார்க்கக் ஓர் அறக்கட்டளையிடம் கேட்ட மானியத்தை அவர்கள் காரணம் சொல்லாமல் மறுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மனம் தளர வேண்டாம். உங்கள் ஊழியம் குறைவானது என்று அதற்குப் பொருள் இல்லை.

இங்கிலாந்துச் சட்டப்படி, அறக்கட்டளையை நடத்தும் அறங்காவலர்கள் எவ்வளவு ஜெபித்து முடிவெடுத்தாலும் அதை நிறுவிய சாசனத்திலுள்ள நோக்கங்களை மீற முடியாது. நற்செய்திப் பணிக்கென்று எழுதப்பட்ட சாசனம் கட்டடச் செலவுக்கு இடம் தராமல் போகலாம். விண்ணப்பிக்கும் முன் அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் அறக்கட்டளை ஆணையத்தின் (Charity Commission) இணையப் பதிவேட்டில் அந்த நோக்கங்களைப் படியுங்கள். ஆண்டறிக்கை இருந்தால், முன்பு யாருக்குக் கொடுத்தார்கள் என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வேலையைத் தொடங்கிய பிறகு கேட்டால் மானியம் தருவோர் பலர் ஏற்பதில்லை. சபையார் தாங்களே திரட்டிய தொகையை அவசியம் காட்டுங்கள். அதற்கு நல்ல மதிப்பு உண்டு. பெனிஃபாக்ட் டிரஸ்ட் (Benefact Trust) என்ற அறக்கட்டளை தேவாலயக் கட்டடங்களுக்கும் உதவுகிறது. அடுத்து அங்கே விசாரியுங்கள்.