ஸ்கைரிம் வீடியோ கேமில் ஃபாஸ்ட் டிராவல் (வரைபடத்தைத் தட்டி ஊருக்கு ஊர் தாவும் வசதி) இல்லாமல் ஆடினால் சுவாரஸ்யமாக இருக்குமா, வெறும் நேர விரயமா?

சுவாரஸ்யம்தான். ஆனால் எல்லா விளையாட்டுக்கும் இது ஒத்துவராது. அந்தத் தாவும் வசதி இல்லாவிட்டால், அதற்கு மாற்றாக விளையாட்டு என்ன வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இதே வரிசையில் 2002-இல் வந்த மாரோவிண்ட் விளையாட்டில் இந்த மாற்று பிரமாதம். ஆட்டம் தொடங்கும் சேடா நீன் ஊரில் இறங்கியதும் சில்ட் ஸ்ட்ரைடர் என்ற ராட்சதப் பூச்சியில் காசு கொடுத்து ஏறினால் பால்மோரா நகரம். அங்கே மந்திரவாதிகள் சங்கத்தில் ஆள் பிடித்தால் மந்திரத்தாலேயே வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார். கடலோரம் என்றால் படகு. எதில் ஏறி எங்கே மாறுவது என்று யோசிப்பதே பாதி ஆட்டம். போக வேண்டிய குகைக்கும் வழி சொல்வார்கள்: பாலம் தாண்டு, அப்புறம் இடப்பக்கம் திரும்பு என்கிற மாதிரி.

2011-இல் வந்த ஸ்கைரிம் அப்படி இல்லை. யாரும் ஒழுங்காக வழி சொல்வதில்லை, எல்லாம் திசைகாட்டியில் தெரியும் குறிதான். அதனால் குறியையும் சேர்த்து அணைத்துவிடாதீர்கள், திண்டாடிப் போவீர்கள். குதிரை வண்டி உண்டு, ஆனால் பொதுவாக ஐந்து பெரிய நகரங்களில்தான் ஏற முடியும். விண்டர்ஹோல்டு என்ற ஊருக்கு வண்டியில் போய்விடலாம். திரும்ப வண்டி கிடையாது, வண்டி கிடைக்கும் விண்ட்ஹெல்ம் நகரம் வரை பனியில் நடைதான்.

ஆகவே வேலைகளைத் திசைவாரியாகச் சேர்த்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள். கண்ட இரும்பையும் சுமக்காதீர்கள், விற்க ஊர் தூரம். தானாகக் கட்டுப்பாடு வராதென்றால் சர்வைவல் மோடை (பசி, குளிர், களைப்பு எல்லாம் சேரும் கடின முறை) போடுங்கள், தாவும் வசதியை அதுவே பூட்டிவிடும்.