பாத்ரூம் பூஞ்சணம்: துடைக்க முதல் தண்ணி வாற வழியைப் பாருங்கோ

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். யாழ்ப்பாணம் கோண்டாவிலில இருந்து வந்து கிழக்கு லண்டனில ஒரு ஃபிளாட்டில கைக்குழந்தையோட இருக்கிறீங்கள். பாத்ரூமுக்கு யன்னல் இல்லை, ஒரு ஃபேன் மட்டும்தான். சீலிங் மூலையில கறுப்புப் புள்ளிகள், குளியல் தொட்டியைச் சுத்தின சிலிக்கன் முழுக்கக் கறுப்பு, குழாய் இறங்கிற பக்கத்தில ஒரு மண்ணிற வட்டம். வீட்டுக்காரர் "காத்துப் போக விடாதது உங்கட பிழை, நீங்களே துடைச்சு பெயின்ற் அடியுங்கோ, இல்லாட்டி டிப்போசிட்டில கழிப்பன்" என்கிறார். அவர் மாமாவுக்குத் தெரிஞ்ச ஆள் என்றபடியால் எழுத்தில கேட்கக் கூச்சமாக இருக்கு.

உங்கட பாத்ரூமில இருக்கிறது ஒரு பிரச்சினை இல்லை, இரண்டு. கறுப்புப் புள்ளியும் சிலிக்கனும் நீராவியால வந்தது. மண்ணிற வட்டம் அப்படி இல்லை. ஓரம் கடும் நிறமாகி வளையம் வளையமாக விரியிற கறை என்றால் மேல எங்கேயோ தண்ணி ஒழுகுது. முதலாவதில உங்கட பழக்கத்துக்கும் பங்கு இருக்கலாம், இரண்டாவதில துளியும் இல்லை. வீட்டுக்காரர் இரண்டையும் சேர்த்து ஒரே கதையாகச் சொல்றார். நீங்கள் பிரிச்சுத்தான் கதைக்க வேணும், ஏனென்றால் செலவு யாருடையது என்றதும் அந்தப் பிரிவிலதான் இருக்கு.

ஊரில காத்தில இருக்கிற ஈரம் இங்கத்தையைவிடக் கனக்க. ஆனாலும் அங்கே பாத்ரூம் இப்படிக் கறுக்கிறது குறைவு. அங்கத்தைச் சுவர் காத்தைவிடக் குளிராக இருக்கிறதில்லை, மேல காத்துக் கல்லும் திறந்தபடி இருக்கும். இங்கே மாரியில உள்ளுக்கு 20 பாகை, ஈரப்பதன் 60 வீதம் என்றால், 12 பாகைக்குக் கீழ உள்ள எந்தப் பரப்பிலயும் நீர்த்துளி படியும். பூஞ்சணத்துக்குத் துளிகூடத் தேவையில்லை. சுவரோட ஒட்டின காத்தில ஈரப்பதன் 80 வீதத்துக்கு மேல தொடர்ந்து நின்றாலே காணும். அதே அறையில 15 பாகை அளவில இருக்கிற சுவரில அந்த நிலை வந்துவிடும். வெளிச்சுவரும் சீலிங்கும் சந்திக்கிற மூலை, அலுமாரிக்குப் பின்பக்கம், வெப்பக் காப்பு இல்லாத சீலிங் எல்லாம் முதலில கறுக்கிறதுக்குக் காரணம் இதுதான். பத்துப் பவுண் அளவில ஒரு ஈரப்பதன்மானி வாங்கி வையுங்கோ. 40 முதல் 60 வீதம் நல்லது. குளிச்சு இரண்டு மணித்தியாலம் கழிச்சும் 70க்கு மேல நின்றால் ஈரம் வெளியேறேல்லை என்று அர்த்தம்.

அந்த மண்ணிற வட்டத்தின் ஓரத்தைப் பென்சிலால கோடு கீறித் திகதி எழுதிப் படம் எடுங்கோ. ஒரு கிழமையால கோட்டைத் தாண்டியிருந்தால் ஒழுக்கு இப்பவும் நடக்குது. மேல்வீட்டில குளிக்கிற நேரம் ஈரமாகுதா, மழை பெய்தால் ஈரமாகுதா என்றும் பாருங்கோ. முதலாவது என்றால் பெரும்பாலும் மேல்வீட்டுக் குழாய், கழிவுக் குழாய் இணைப்பு, அல்லது அவர்களின் தொட்டி ஓரச் சிலிக்கன். இரண்டாவது என்றால் பீலி, கூரை, வெளிச்சுவர். சுவரில ஈரம் எங்கேயிருந்து வருது என்று சந்தேகம் இருந்தால், 30 சென்றிமீற்றர் சதுர அலுமினியத் தாளை நாலு ஓரமும் காத்துப் புகாமல் ரேப்பால ஒட்டி இரண்டு நாள் விடுங்கோ. அறைப் பக்கம் ஈரமானால் நீராவி, சுவர்ப் பக்கம் ஈரமானால் சுவருக்குள்ளால வாற தண்ணி. சீலிங் தொங்கத் தொடங்கினால், அல்லது லைற்றுக்குப் பக்கத்தில தண்ணி வந்தால், அந்தச் சுவிச்சைத் தொடாதேங்கோ. ஃபியூஸ் பெட்டியில லைற் இணைப்பை நிறுத்திப்போட்டு உடன வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கோ, அது இரவென்றாலும்.

அடுத்தது ஃபேன். சத்தம் போடுது என்றதுக்காக அது காத்தை இழுக்குது என்று நினைக்காதேங்கோ. கதவைச் சாத்தி, ஒரு தாள் ரிஷ்யூவைப் பிரிச்சு மெல்லிய ஒரு படையை மட்டும் ஃபேனில வையுங்கோ. ஒட்டி நிற்க வேணும். விழுந்தால் மூடியில தூசி அடைச்சிருக்கும், அல்லது உள்ளுக்குள்ள 100 மில்லிமீற்றர்க் குழாய் நசிஞ்சிருக்கும், தொய்ஞ்சு அதில தண்ணி தேங்கியிருக்கும். சில வீடுகளில அந்தக் குழாய் வெளியில போகாமல் கூரைக்குள்ளயே திறந்து கிடக்கும், அப்ப ஈரம் மேல போய்த் திரும்ப வரும். கதவுக்கு மேல வெளிப்பக்கம் ஃபேனுக்குத் தனிச் சுவிச் ஒன்று இருக்கும். அது நிறுத்திக் கிடக்கிறதும் உண்டு, முதலில அதைப் பாருங்கோ. கதவுக்குக் கீழ 10 மில்லிமீற்றர் இடைவெளியும் வேணும், உள்ளுக்கு வர வழியில்லாத காத்தை ஃபேன் இழுக்க ஏலாது. இங்கிலாந்துக் கட்டட விதிகளின் வழிகாட்டலில குளியலறை ஃபேன் செக்கனுக்கு 15 லீற்றர் காத்தை வெளியேற்ற வேணும், யன்னல் இல்லாத அறையில லைற்றை நிறுத்தின பிறகும் 15 நிமிடம் ஓடுற ரைமர் வேணும். யன்னலே இல்லாத அறையில "நீங்கள் யன்னல் திறக்கிறதில்லை" என்ற கதைக்கு இடமில்லை. ஃபேனின் வெளி மூடித் தூசியைத் துடைக்கிறது உங்கட வேலை. உள்ளுக்குக் கழட்டிறது, வயர் தொடுறது வீட்டுக்காரர் அனுப்பிற மின்தொழிலாளியின் வேலை.

துடைக்கிறதைப் பற்றி. ஒரு மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலத்துக்கு உள்ளான இடம் என்றால் நீங்களே செய்யலாம். அதைவிடப் பெரிசு, அல்லது கழிவுநீரால வந்தது என்றால் தொடாதேங்கோ. பிள்ளையையும், இழுப்பு உள்ளவர்களையும் அந்த நேரம் வேற அறைக்கு அனுப்புங்கோ. துடைக்க முதல் படம் எடுக்க மறக்காதேங்கோ, பிறகு காட்ட ஒன்றும் இராது. கையுறை, கண்ணாடி, எஃப்எஃப்பி2 மாஸ்க் போட்டு, கதவைச் சாத்தி, ஃபேனைப் போடுங்கோ. காய்ஞ்ச பிரஷால உரஞ்சாதேங்கோ, வித்துகள் பறந்து வீடு முழுக்கப் படியும். சவர்க்காரத் தண்ணியில நனைச்ச துணியால துடைச்சு, துணியைப் பையில கட்டி எறிஞ்சுவிட்டு, பூஞ்சணக் கொல்லியைப் பூசி, போத்தலில எழுதியிருக்கிற நேரம்வரை விட்டுத் துடைச்சு நல்லாக் காயவிடுங்கோ. ப்ளீச் ரைல்ஸில வேலை செய்யும். சாந்துச் சுவரிலயும் மரத்திலயும் மேல் நிறத்தை வெளிறச் செய்யும், உள்ள இருக்கிறதைத் தொடாது. இதைவிட முக்கியம் ஒன்று: லண்டன் தண்ணி கடினம் என்றபடியால் எல்லாரும் சுண்ணாம்புக் கறை நீக்கி வைச்சிருக்கிறோம். அது அமிலம். வினாகிரியும் அமிலம். அதில எதையாவது ப்ளீச்சோட சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், யன்னல் இல்லாத அறையில அது உயிராபத்து. அமோனியா கலந்த கிளீனரோடயும் சேர்க்கக் கூடாது. ஒரே நாளில இரண்டையும் எடுக்காமல் விடுறதுதான் நல்லது.

கறுத்த சிலிக்கனைத் துடைச்சு வெளுக்கப் பார்க்கிறது வீண் வேலை. பூஞ்சணம் அதுக்குள்ள போயிட்டுது, வெட்டி எடுக்கத்தான் வேணும். இது வீட்டுக்காரரின் வேலை. அவர் எழுத்தில சம்மதிச்சு, செலவைத் தாறன் என்றால் மட்டும் நீங்கள் செய்யுங்கோ. சிலிக்கன் வெட்டிற கத்தியால பழசை ஒரு துணுக்கும் விடாமல் எடுக்க வேணும், புதுச் சிலிக்கன் பழசில ஒட்டாது. மெத்திலேற்றட் ஸ்பிரிற்றால துடைச்சு ஒரு நாள் காயவிடுங்கோ. ஈரத்தில அடிச்சால் இரண்டு மாதத்தில திரும்பக் கறுக்கும். பிறகு தொட்டியை முக்கால்வாசி தண்ணியால நிரப்புங்கோ. ஆள் இறங்கினால் பாரத்தில தொட்டி கொஞ்சம் பதியும். வெறுந்தொட்டியில அடிச்ச சிலிக்கன் அப்ப ஓரத்தில பிரியும், அந்தப் பிரிவுக்குள்ளால தண்ணி இறங்கிக் கீழ்வீட்டுச் சீலிங்கில இதே மண்ணிற வட்டத்தைப் போடும். மேலயும் கீழயும் மாஸ்கிங் ரேப் ஒட்டி, பூஞ்சணம் தாங்கிற குளியலறைச் சிலிக்கனை ஒரே இழுவையில விட்டு, ஈரவிரலால ஒருக்கா தடவி, காய முதல் ரேப்பை உரியுங்கோ. 310 மில்லிலீற்றர் ரியூப் ஒன்று ஒரு தொட்டிக்குக் காணும். தொட்டித் தண்ணியைத் திறந்துவிடாமல் 24 மணித்தியாலம் அப்படியே வைச்சிருங்கோ, ஒருத்தரும் குளிக்கக் கூடாது.

உங்கட பக்கத்திலயும் செய்ய வேண்டியது இருக்கு. பாத்ரூம் ஈரம் எல்லாம் குளிக்கிறதால வாறதில்லை. புட்டு, இடியப்பம் அவிக்கேக்க, சோறு வடிக்கேக்க வாற ஆவி, ரேடியேற்றரில விரிச்ச உடுப்பு எல்லாம் சேர்ந்து வீட்டின் குளிரான மூலையைத் தேடிப் போகும். ஒரு முறை தோய்ச்ச உடுப்பில இருந்து இரண்டு லீற்றர் அளவில தண்ணி காத்துக்குள்ள போகும். குசினிக் கதவைச் சாத்தி, அங்கத்தை யன்னலைக் கொஞ்சம் திறந்து சமையுங்கோ. குளிச்ச பிறகு ரப்பர் வழிப்பானால ரைல்ஸை வழிச்சுவிடுங்கோ. ஹீட்டிங்கை ஒரு மணித்தியாலம் சூடேற்றி நாள் முழுக்க நிறுத்திறதைவிட, குறைஞ்ச அளவில தொடர்ந்து போட்டால் சுவர் ஆறாமல் இருக்கும்.

இனிப் பொறுப்பு. நான் சொல்றது இங்கிலாந்துக்கு மட்டும், ஸ்கொட்லாந்திலயும் வேல்ஸிலயும் சட்டம் வேற. 1985 வீட்டுக்காரர் வாடகையாளர் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி ஏழு வருடத்துக்குக் குறைஞ்ச வாடகையில சுவர், கூரை, பீலி, குழாய்கள், குளியல் தொட்டி, பேசின், மலசலகூடம், ஹீட்டிங், சுடுதண்ணி எல்லாத்தையும் திருத்தி வைச்சிருக்கிறது வீட்டுக்காரரின் கடமை. "எல்லாத் திருத்தமும் வாடகையாளர் பொறுப்பு" என்று ஒப்பந்தத்தில எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் அது செல்லாது. முன்னம் ஒரு ஓட்டை இருந்தது: ஒன்றும் உடையாமல் வெறும் நீராவியால வந்த பூஞ்சணத்தை "திருத்தம்" என்ற கணக்கில சேர்க்க ஏலாது என்று வீட்டுக்காரர்கள் தப்பினார்கள். வீடு வாழத் தகுதியாக இருக்க வேண்டும் என்று 2018இல வந்த சட்டம் அதை அடைச்சுது. 2019 மார்ச் 20இல இருந்து தொடங்கின வாடகைகளுக்கும், 2020 மார்ச் 20இல இருந்து முடிவுத் திகதி இல்லாமல் ஓடுற பழைய வாடகைகளுக்கும் அது பொருந்தும். காத்தோட்டக் குறைவும் ஈரமும் வீட்டை வாழத் தகுதியில்லாததாக்கினால் பொறுப்பு வீட்டுக்காரருடையதுதான். மேல்வீடு வேற ஒருவருடையது என்றாலும் நீங்கள் முறையிடுறது உங்கட வீட்டுக்காரரிட்ட, மேல்வீட்டாரோட கதைக்கிறது அவர் வேலை. ஒரு விலக்கு: வீட்டுக்காரரும் அதே வீட்டில இருந்து, நீங்கள் ஒரு அறை மட்டும் எடுத்திருந்தால் உங்களுக்குப் பாதுகாப்பு நல்லாக் குறைவு.

வீட்டுக்குள்ள இருக்கிற பழுதுக்கு வீட்டுக்காரரின் கடமை, நீங்கள் அறிவிச்ச பிறகுதான் தொடங்கும். அதனாலதான் எழுத்து என்று இவ்வளவு சொல்றன். மாமாவுக்குத் தெரிஞ்ச ஆள் என்றால் மரியாதையாக எழுதுங்கோ, ஆனால் எழுதுங்கோ. ஃபோனில கதைச்சால், கதைச்சு முடிஞ்ச கையோட "அண்ணை, இப்ப நாங்கள் கதைச்சது இதுதானே" என்று வட்ஸ்அப்பில போடுங்கோ. மின்னஞ்சல் இன்னும் நல்லது. எந்த இடம், எப்ப கண்டது, ஃபேன் ரிஷ்யூவைப் பிடிக்கேல்லை, வட்டம் எந்தத் திகதியில இருந்து எந்தத் திகதிக்குள்ள எவ்வளவு விரிஞ்சுது, குழந்தைக்கு எத்தனை வயது, 14 நாளுக்குள்ள வந்து பார்க்கக் கேட்கிறோம் என்று எழுதி, படங்களையும் சேருங்கோ. கோபச் சொல் ஒன்றும் வேண்டாம். பார்க்க வாறதென்றால் அவர் 24 மணித்தியாலத்துக்கு முதல் எழுத்தில அறிவிக்க வேணும். வாற ஆளை நீங்கள் மறிக்கக் கூடாது, மறிச்சால் பிழை உங்கட பக்கம் வந்துவிடும். வாடகையையும் நிறுத்தாதேங்கோ. நிலுவை வைச்சால், உங்களை வீட்டை விட்டு எழுப்ப நீதிமன்றத்துக்குப் போறதுக்கு அவருக்கு நீங்களே காரணம் குடுத்த மாதிரி.

பதில் இல்லாட்டி உங்கட கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பகுதிக்கு அந்த மின்னஞ்சல்களோட முறையிடுங்கோ. அவர்கள் வந்து பார்த்து, கடும் ஆபத்து என்று கணிச்சால் நடவடிக்கை எடுத்தே ஆக வேணும், திருத்தச் சொல்லிக் கட்டளையும் அனுப்பலாம். விசாவைப் பற்றிப் பயந்து கனபேர் இந்த இடத்தில நின்றுவிடுகிறார்கள். வீட்டுத் திருத்தத்துக்கு முறையிடுறது விசா நிபந்தனையோட சம்பந்தப்பட்ட விடயமே இல்லை. 2026 மே 1இல இருந்து தனியார் வாடகையில காரணம் சொல்லாமல் எழுப்பவும் ஏலாது. கவுன்சில் வீடோ ஹவுசிங் அசோசியேஷன் வீடோ என்றால் இன்னும் பலமான சட்டம் இருக்கு. 2020இல ரொச்டேலில பூஞ்சணம் பிடிச்ச ஃபிளாட்டில இருந்த இரண்டு வயதுப் பிள்ளை அவாப் இஷாக் சுவாச நோயால இறந்த பிறகு வந்தது அது. 2025 ஒக்டோபர் 27இல இருந்து அவசர ஆபத்தை 24 மணித்தியாலத்துக்குள்ள கவனிக்க வேணும், பாரதூரமான ஈரத்தையும் பூஞ்சணத்தையும் 10 வேலை நாளுக்குள்ள வந்து ஆராய வேணும். உங்கட பிள்ளைக்கு இருமலோ இழுப்போ இருந்தால் ஜீபியிட்ட (குடும்ப வைத்தியரிட்ட) காட்டி, வீட்டில பூஞ்சணம் இருக்கு என்று சொல்லிப் பதிவில எழுதச் சொல்லுங்கோ.

பெயின்ற் அடிக்கிறதா என்று கேட்டீங்கள். இப்ப அடிக்காதேங்கோ. ஒழுக்கு நிற்காமல் அடிச்சால் பெயின்ற் பொக்களிச்சு உரியும், அதோட அந்த மண்ணிற வட்டம் என்ற சாட்சியும் மறைஞ்சுபோம். டிப்போசிட்டைக் கழிப்பன் என்ற பயமுறுத்தலுக்கு: அந்தக் காசை வாங்கி 30 நாளுக்குள்ள அரசு அங்கீகரிச்ச மூன்று பாதுகாப்புத் திட்டங்களில ஒன்றில பதிஞ்சிருக்க வேணும். எந்தத் திட்டம் என்று அவரிட்டக் கேட்டு, அதின் இணையத்தில உங்கட பெயரைப் போட்டுப் பாருங்கோ. பதியேல்லை என்றால் அவர் ஒரு மடங்கில இருந்து மூன்று மடங்குவரை உங்களுக்குக் குடுக்க நீதிமன்றம் கட்டளையிடலாம். பதிஞ்சிருந்தால், கடைசியில பிணக்கு வரேக்க அந்தத் திட்டமே இலவசமாகத் தீர்ப்புச் சொல்லும், சேதம் உங்களால வந்தது என்று நிரூபிக்க வேண்டியது அவர். அப்ப நீங்கள் காட்டப்போறது வீட்டுக்குள்ள வந்த அன்று எடுத்த படங்கள், பென்சில் கோட்டுத் திகதிகள், அவர் பதில் போடாத மின்னஞ்சல்கள். எல்லாத்தையும் ஃபோனில மட்டும் வைக்காமல், உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பி வைச்சிருங்கோ.