வினைல் ஃபைல் செய்து பிழைக்க முடியுமா?

மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், ராத்திரியெல்லாம் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் பூ வரைந்து அமெரிக்காக்காரர்களுக்கு விற்கப் போகிறேன் என்கிறாள், இது உருப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா. உருப்படும். அவளுக்கு வரையத் தெரிந்துவிட்டது. இனி வெட்டத் தெரிய வேண்டும்.

அமெரிக்காவில் பலர் வீட்டிலேயே கிரிகட், சில்லவுட் கேமியோ போன்ற சின்ன கட்டிங் மெஷின் வைத்திருக்கிறார்கள். நம்மூர் ரேடியம் ஸ்டிக்கர் கடையில் ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டர் மெஷின் மாதிரிதான், அளவில் சிறியது. ஹாலோவீன், கிறிஸ்துமஸ் என்று விழாவுக்கு விழா டிசைன் வாங்கி, வினைல் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளில் வெட்டி, டி-ஷர்ட்டிலும் பாட்டிலிலும் ஒட்டுகிறார்கள். அந்த டிசைன்தான் உங்கள் மகள் செய்யும் எஸ்விஜி ஃபைல், அதாவது கோடுகளாகவே சேமித்த படம்.

அந்த மெஷினில் இருப்பது கத்தி. நிறம் அதற்குத் தெரியாது, கோடுதான் தெரியும். ஒரு சூரியகாந்தியை எடுத்துக்கொள்வோம். மஞ்சள் இதழ், பழுப்பு நடுப்பகுதி, பச்சை இலை என்று ஒவ்வொரு நிறமும் தனி வினைலில் தனியாக வெட்டப்படும். அதனால் ஒவ்வொரு நிறமும் மூடிய வடிவமாக, தனி லேயராக இருக்க வேண்டும். இருபது இதழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் திரையில் அழகாகத் தெரியும். கத்தியோ ஒவ்வொரு இதழின் விளிம்பிலும் ஓடி மஞ்சளைத் துண்டு துண்டாக்கிவிடும். மென்பொருளில் 'யூனியன்' என்ற கட்டளையால் இதழ்களை இணைத்து ஒரே வடிவமாக்க வேண்டும். தடிமனாகக் காட்டிய கோட்டை 'ஸ்ட்ரோக் டு பாத்' செய்து, அந்தத் தடிமனையே மூடிய வடிவமாக மாற்றாவிட்டால் மெஷின் அதை ஒற்றைக் கோடாகவே வெட்டும். எழுத்தையும் பாத், அதாவது வெட்டக்கூடிய கோடு, ஆக்கிவிட வேண்டும். இரண்டு நிறமும் மிகச் சரியாக விளிம்போடு விளிம்பு சேரும்படி வரைந்தாலும் ஆபத்துதான், ஒட்டுகிறவரின் கை கொஞ்சம் நகர்ந்தால் நடுவே துணி பல்லிளிக்கும். அதனால் அடியில் இருக்கும் நிறத்தை மேல் நிறத்துக்குக் கீழே கொஞ்சம் நீட்டி விடுவார்கள். அதற்காக எல்லாவற்றையும் அடுக்கினால் சட்டை அட்டை போல விறைத்துவிடும். எங்கே அடுக்குவது, எங்கே அடியில் இருப்பதை வெட்டிக் கழிப்பது என்ற முடிவில்தான் திறமை இருக்கிறது. வாங்கியவர் திரும்ப வருவதும் அதை வைத்துத்தான்.

மகளை இன்றைக்கே தன் ஃபைலை அவுட்லைன் காட்சியில் பார்க்கச் சொல்லுங்கள். நிறமெல்லாம் மறைந்து கத்தி போகும் வழி மட்டும் தெரியும். அப்புறம் பக்கத்து ஸ்டிக்கர் கடையில் மூன்று நிறத்தில் வெட்டித் தரச் சொல்லி, தேவையற்ற வினைலை அவளே உரித்து எடுக்கட்டும். நுனி மெலிந்த இலைகள் கிழியும்போது, எந்த வடிவம் வெட்டுக்குத் தாங்காது என்று புரிந்துவிடும். மெஷின் இப்போதே வாங்க வேண்டாம்.

விற்பனைக்கு வருவோம். எட்ஸி என்ற இணையச் சந்தையில் ஒரு டிசைனைப் பட்டியலிட 20 சென்ட் கட்டணம், நான்கு மாதம் இருக்கும். சில்லவுட் மென்பொருளின் இலவசப் பதிப்பில் எஸ்விஜி திறக்காது, எனவே அதில் திறக்கும் டிஎக்ஸ்எஃப் என்ற வகை ஃபைலையும் சேர்த்துத் தர வேண்டும். பிறருக்கு உரிமையுள்ள டிஸ்னி கார்ட்டூன் பாத்திரங்களை அவள் தொடவே கூடாது. ஃபான்ட்டிலும் (எழுத்துருவிலும்) கவனம் வேண்டும். இலவசமாகக் கிடைத்தாலும் 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்றிருந்தால் விற்பனை ஃபைலில் அதைச் சேர்க்க முடியாது. வருமானம் மெதுவாகத்தான் வரும். ஆகவே பி.காமை விட வேண்டாம். ஜிஎஸ்டியும் கணக்கும் தெரிந்த டிசைனர் எனக்கு அரிதாகத்தான் கண்ணில் படுகிறார், அவள் படிப்பு வீணில்லை.

எட்ஸி கைகொடுக்காவிட்டால் என்ன செய்வது என்றுதான் உங்களுக்குப் பயம். திருப்பூரில் பனியன் பிரிண்டிங்குக்கு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் (மை வழியும் அச்சுச் சட்டம்) போடுகிறார்கள். ஒரு படத்தை நிறம் நிறமாகப் பிரிக்கும் அதே மூளைதான் அங்கேயும் வேண்டும். சிவகாசியில் அட்டைப்பெட்டிக்கு டை (அட்டையை வடிவமாக வெட்டும் அச்சு) வெட்டவும் மூடிய, சுத்தமான கோடுதான் கேட்பார்கள். இரண்டு ஊரிலும் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருள் தெரிந்திருப்பது நல்லது. செமஸ்டர் லீவில் ஒரு மாதம் பிரிண்டிங் யூனிட்டில் அனுப்பிப் பாருங்கள். சம்பளம் தராவிட்டாலும் பரவாயில்லை, செபரேஷன் போடுகிறவர், அதாவது படத்தை நிறம் நிறமாகப் பிரிக்கிறவர், பக்கத்தில் உட்கார இடம் கொடுத்தால் போதும்.