கிரேக்க நாட்டின் சிமி தீவுக்குப் போகிறவர்கள் கேட்டவை

கேள்வி: சிமிக்கு நேரடி விமானம் உண்டா?

இல்லை. ரோட்ஸ் தீவில் இறங்கிப் படகு பிடிக்க வேண்டும். விரைவுப் படகு ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடும்.

கேள்வி: ரோட்ஸிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பினால் போதாதா?

போதாது. சுற்றுலாப் படகுகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் யாலோஸ் துறைமுகத்தில் கூட்டத்தை இறக்கிவிடும். பல படகுகள் தெற்கே பனோர்மிடிஸ் மடத்திலும் நிற்பதால், ஊருக்கு மிஞ்சுவது உச்சி வெயிலில் சில மணி நேரம்தான். ஒரு இரவாவது தங்குங்கள். அந்தப் படகுகள் போன பிறகு காலி ஸ்ட்ராட்டா என்ற படிவழியில் ஏறுங்கள். ஏறத்தாழ 500 கல்படிகள், மேலூரான ஹோரியோ வரை. வழிநெடுக மஞ்சள், காவி, இளநீல வீடுகள், நெற்றியில் முக்கோண முகப்போடு. கடற்பஞ்சு (கடலடியில் எடுத்து, உடம்பு தேய்த்துக் குளிக்கப் பயன்படுத்துவது) வணிகத்தில் பணம் பார்த்தவர்கள் கட்டியவை. நடுநடுவே கூரை போன வீடுகளும் உண்டு. அப்புறம், கீழே துறைமுகத்து வீடு ஒன்றில்தான் 1945 மே 8 அன்று சிமியும் ரோட்ஸும் சேர்ந்த டோடெகனீஸ் தீவுக்கூட்டத்தில் இருந்த ஜெர்மன் படை சரணடைந்து கையெழுத்திட்டது. அதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மணல் கடற்கரை?

பெரும்பாலும் கூழாங்கல். ரப்பர் செருப்பு அவசியம். செங்குத்துப் பாறைக்கு அடியில் இருக்கும் ஆகியோஸ் யோர்கோஸுக்குப் படகில்தான் போக முடியும்.

கேள்வி: குழந்தைகளோடு ஒரே நாளில் முடித்துவிடலாமா?

மேலே சொல்லிவிட்டேன். தங்குங்கள்.

கேள்வி: கடற்பஞ்சு வாங்கலாமா? அது செடிதானே?

செடி இல்லை, விலங்கு. அடிப்பகுதியை விட்டு அறுத்தால் மறுபடி வளரும். பளிச்சென்ற மஞ்சள் பஞ்சை வாங்காதீர்கள். வெளுக்க வைத்ததில் நார் நலிந்திருக்கும். பழுப்பு நிறம்தான் நாள்பட உழைக்கும். 1986-ல் மத்தியதரைக் கடல் பஞ்சுகளை நோய் தாக்கியது. அதனால் கடையில் இருப்பதெல்லாம் சிமியில் எடுத்தது என்று நம்பிவிட வேண்டாம்.

கேள்வி: பஞ்சு எடுப்பவர்களுக்கு 19-ஆம் நூற்றாண்டில் மூழ்கு உடை வந்தது நல்லதுதானே?

வணிகர்களுக்கு நல்லது. அதற்கு முன்பு, மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களைப் போலவே கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஒரே மூச்சில் மேலே வந்தார்கள். உடை வந்ததும் குழாய்வழிக் காற்றோடு ஆழத்தில் நெடுநேரம் இருந்தார்கள். அங்கே ரத்தத்தில் கரையும் நைட்ரஜன், சட்டென்று மேலே வந்தால் குமிழியாகிவிடும். கால் செயலிழந்தவர்கள், செத்தவர்கள் ஏராளம்.

கேள்வி: அந்த அழகான வீடுகள் அந்தப் பணத்தில்தானே வந்தன?

ஆமாம். அதனால்தான் சொல்கிறேன், வீட்டைப் படம் எடுக்கும்போது அந்த உடலுழைப்பையும் நினையுங்கள். லாபம் ஒருவருக்கு, முடம் இன்னொருவருக்கு என்பதை முன்னேற்றம் என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: விசா?

ஷெங்கன் விசா. விவரங்களை விசா மையத்தில் கேளுங்கள்.

கேள்வி: என்ன சாப்பிடலாம்?

சிமி இறால். விரல்நுனி அளவுதான் இருக்கும்; ஓட்டோடு பொரித்துத் தருவார்கள், உரிக்காமல் அப்படியே மெல்லுங்கள்.

கேள்வி: ஆகஸ்டில் வருகிறோம், ஒருநாள் பயணமாக...

தங்குங்கள்! ஆகஸ்டில் மெல்டெமி காற்று பலமாக அடித்தால் படகு நின்றுபோகும். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே ரோட்ஸ் வந்துவிடுங்கள்.