பத்து இலட்சம் ரூபாய்க்கு ஒரு கணினி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கட்டட வரைஞர் ஒருவருக்காக வீட்டு மாதிரிகளை பிளெண்டரில் முப்பரிமாணப் படங்களாகச் செய்து கொடுக்கிறேன். முகூர்த்த மாதங்களில் திருமண வீடியோக்களையும் எடிட் செய்கிறேன். இரவில் தம்பியுடன் கேம் விளையாடுவதும் உண்டு. பத்து இலட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். கடையொன்றில் தந்த பட்டியல் இது: ரைசன் 9 9950எக்ஸ் புரொசெசர், ஆர்டிஎக்ஸ் 5080 கிராபிக்ஸ் காட், 8 ஜிபி ராம் நான்கு, 1 டிபி எஸ்எஸ்டி, நிறுவனப் பெயர் குறிப்பிடப்படாத 650 வாட் பவர் சப்ளை, 24 அங்குல 1080பி 60 ஹேர்ட்ஸ் மொனிட்டர். வாங்கலாமா?
கொக்குவில் வாசகர்

பதில்: இந்த வடிவில் வாங்க வேண்டாம். பட்டியலின் முதல் இரண்டு வரிகளில் பணம் தாராளமாகக் கொட்டப்பட்டிருக்கிறது. அந்த இரண்டையும் தாங்க வேண்டிய மற்றைய வரிகளில் கை சுருங்கிவிட்டது. கடைக்காரரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. வாங்க வருபவர்கள் புரொசெசரின் பெயரையும் கிராபிக்ஸ் காட்டின் பெயரையுமே விசாரிப்பதால், பட்டியலும் அதற்கேற்றபடி எழுதப்படுகிறது. நீங்கள் அதைக் கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும்.

முதலில் மொனிட்டர். 1080பி திரையில் ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள் இருக்கின்றன. 60 ஹேர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 60 படங்களுக்கு மேல் அது காட்டாது. 5080 வினாடிக்கு 200 படங்களை ஆக்கிக் கொடுத்தாலும் மிகுதிக்கு நீங்கள் செலுத்திய பணம் அந்தத் திரையிலேயே வீணாகிவிடும். 27 அங்குலத்தில், 2560க்கு 1440 புள்ளிகளும் 144 ஹேர்ட்ஸுக்குக் குறையாத வேகமும் கொண்ட ஐபிஎஸ் திரையொன்றை எடுங்கள். அதில் 37 இலட்சம் புள்ளிகள் உள்ளன. 4கே திரையின் 83 இலட்சத்தை விளையாட்டில் நிரப்புவதற்கு இதைவிடப் பெரிய காட் வேண்டும். எஸ்ஆர்ஜிபி நிற வீச்சை முழுமையாகக் காட்டும் திரையா என்பதையும் கேட்டுப் பாருங்கள். கூறைச் சேலையின் அரக்குச் சிவப்பு உங்கள் திரையில் ஒரு நிறமாகவும் பெண் வீட்டாரின் தொலைக்காட்சியில் வேறொரு நிறமாகவும் தெரிந்தால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். ஓஎல்இடி திரை கண்ணுக்கு அழகானதுதான். ஆனால் பிளெண்டரின் கருவிப்பட்டை நாள் முழுவதும் ஒரே இடத்தில் நிற்கும் வேலைக்கு, அதன் தடம் திரையில் படிந்துவிடும் ஆபத்து இருப்பதால் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

அடுத்தது பவர் சப்ளை. பட்டியலில் என்னை உண்மையாகவே அச்சப்படுத்திய வரி இதுதான். ஆர்டிஎக்ஸ் 5080 முழுச் சுமையில் 360 வாட் வரை எடுக்கும். 9950எக்ஸ் புரொசெசரின் பெட்டியில் 170 வாட் என்று இருந்தாலும் அது 230 வாட் வரை செல்ல அனுமதிக்கப்பட்டிருக்கிறது. மதர்போட், மின்விசிறிகள், எஸ்எஸ்டி ஆகியவற்றையும் சேர்த்தால் 650 வாட்டை அப்போதே நெருங்கிவிடும். கிராபிக்ஸ் காட் கணநேரத்துக்கு எடுக்கும் மின் உதைப்பு இந்தக் கணக்கில் சேரவில்லை. 5080க்கு 850 வாட் வேண்டும் என்று என்விடியா நிறுவனமே குறிப்பிடுகிறது. பெயரில்லாத பவர் சப்ளையின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணை நம்பவும் முடியாது. 80 பிளஸ் கோல்ட் என்ற மின்சிக்கனத் தரமும், அத்தகைய மின் உதைப்பைத் தாங்குவதற்கான ஏடிஎக்ஸ் 3.1 நியமமும் கொண்ட, நற்பெயருள்ள 850 வாட் ஒன்றுக்குக் குறைய வேண்டாம். காட்டுக்குச் செல்லும் 16 முனை இணைப்பியை முழுவதுமாக உள்ளே அழுத்திய பின்னர், கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். மயிரிழை இடைவெளிகூடத் தெரியக்கூடாது. இணைப்பியை விட்டு வெளியே வரும் வயரை முதல் 3 அல்லது 4 சென்ரிமீற்றருக்குள் வளைக்கவும் வேண்டாம். சரியாகப் பொருந்தாத இணைப்பி சூடேறி உருகிய சம்பவங்கள் 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 வெளிவந்ததிலிருந்து பல நாடுகளில் பதிவாகியுள்ளன.

ராம் விடயத்தில் நான்கு துண்டுகள் என்பதே தவறு. இந்தப் புரொசெசருக்கு ஏஎம்டி நிறுவனம் தரும் குறிப்பில், இரண்டு டிடிஆர்5 துண்டுகளுக்கு 5600 என்றிருக்கும் வேகம் நான்கு துண்டுகளுக்கு 3600 ஆகக் குறைகிறது. ஆகவே இரண்டே துண்டுகளாக வாங்குங்கள்; 32 ஜிபி இரண்டு என்றால் நிறைவு. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் 2025 இறுதிப் பகுதியில் ராம் விலை கடுமையாக ஏறியது. பணம் எட்டாவிட்டால் 24 ஜிபி இரண்டு போதும். இப்போது இரண்டு 16 ஜிபி, பிறகு இன்னும் இரண்டு என்று திட்டமிட்டால் மீண்டும் நான்கு துண்டுச் சிக்கலிலேயே வந்து நிற்பீர்கள். பொருத்தியதும் பயோஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரையில், ராமை அதற்குரிய வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்க மறக்க வேண்டாம். இயக்காவிட்டால் 6000 என்று விலை கொடுத்து வாங்கிய ராம் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

எஸ்எஸ்டியின் அளவை உங்கள் திருமண வேலையை வைத்தே கணக்கிடலாம். வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி எடுக்கும். இரண்டு கமெராக்கள் ஆறு மணி நேரம் ஓடினால் 540 ஜிபி. ஆவணி மாதத்தில் அடுத்தடுத்து இரண்டு முகூர்த்தம் கிடைத்தால் 1 டிபி நிரம்பி வழியும். டிஎல்சி என்ற நினைவக வகையைச் சேர்ந்த 2 டிபி என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி) ஒன்றை வேலைக்கும், முடிந்த வேலைகளைப் பாதுகாக்கப் பெரிய சாதாரண ஹாட் டிஸ்க் ஒன்றை இருப்புக்கும் வைத்திருங்கள்.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும் என்றால், கிராபிக்ஸ் காட்டிலிருந்துதான் வரவேண்டும். 5080க்குப் பதிலாக 5070 டிஐ எடுங்கள். இரண்டிலும் இருப்பது 16 ஜிபி நினைவகமே. பிளெண்டரில் ஒரு காட்சி காட்டின் நினைவகத்துக்குள் அடங்காவிட்டால், ரெண்டர், அதாவது இறுதிப் படத்தை ஆக்கும் வேலை, ஒன்றில் நின்றுவிடும் அல்லது நத்தை வேகத்துக்கு இறங்கிவிடும். ஆகவே அந்த 16 ஜிபிதான் உங்கள் வேலையின் எல்லைக்கோடு, அது இரண்டு காட்டிலும் ஒன்றே. வேகத்தில் 5080 சற்று முந்தும் என்பது உண்மை. அந்த முந்துதல் ஒரு நல்ல திரையையும் நம்பத்தக்க பவர் சப்ளையையும் இழப்பதற்குப் பெறுமதியானதல்ல. 5070 டிஐ 300 வாட் அளவில் நிற்பதால் அறையின் வெப்பமும் குறையும். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டியும் 16 ஜிபி கொண்டது, விளையாட்டுக்கு நல்லது. ஆனால் பிளெண்டர் ரெண்டரில் என்விடியா காட்டுகள் தெளிவாக முன்னிற்கின்றன. இன்னொரு காரணமும் உண்டு. புதிய கமெராக்கள் பல 10 பிட் 4:2:2 என்ற நிறப்பதிவில் வீடியோ எடுக்கின்றன. என்விடியா காட்டுகளில் அந்தப் பதிவை நேரடியாக விரித்துக் காட்டும் வசதி ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் முதன்முதலாக வந்தது. 40 வரிசையில் அது இல்லை. எடிட் செய்யும்போது படம் விக்கி விக்கி ஓடுவதற்கு இதுவே காரணமாக இருப்பதைப் பலர் அறியாமல், புரொசெசரை மாற்றிப் பணத்தை இழந்திருக்கிறார்கள்.

புரொசெசரை மாற்ற வேண்டாம். ஏஎம்டியின் இன்னொரு புரொசெசரான 9800எக்ஸ்3டி விளையாட்டில் வேகமானது என்று தம்பி சொல்லக்கூடும், சொன்னால் சரிதான். ஆனால் 1440பி திரையில் பெரும்பாலும் காட்தான் வேகத்தைத் தீர்மானிக்கும் என்பதால் அந்த வித்தியாசம் சுருங்கிவிடும். உங்களுக்குச் சம்பளம் தரும் வேலையிலோ 9950எக்ஸின் 16 கோர்கள், 9800எக்ஸ்3டியின் 8 கோர்களைவிட மிகவும் பயன்படும். விளையாட்டுக்கு மட்டுமே வாங்குபவராக நீங்கள் இருந்திருந்தால் என் பதில் மாறியிருக்கும்.

குளிரூட்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுச் சோதனைகள் பெரும்பாலும் 22 பாகை அளவிலான அறைகளில் நடப்பவை. சித்திரை மாதத்தில் நம் அறை 32 பாகையில் இருந்தால், அந்தப் பத்துப் பாகையும் ஏறத்தாழ அப்படியே புரொசெசரின் சூட்டில் சேரும். முழுச் சுமையில் 600 வாட் எடுக்கும் கணினி, 100 வாட் குண்டு பல்புகள் ஆறை அறைக்குள் எரியவிட்டதற்குச் சமமான வெப்பத்தைக் கக்கும். இரட்டைக் கோபுரக் காற்றுக் குளிரூட்டியையே நான் விரும்புகிறேன். அதில் கெடக்கூடியது மின்விசிறி மட்டும், அதை யாழ்ப்பாணத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். முன்பக்கம் கண்ணாடியால் மூடிய கேஸை விட்டு, வலைமுகமும் கழற்றிக் கழுவக்கூடிய தூசு வடியும் கொண்டதை எடுங்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் அந்த வடியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்தால், செம்மண் புழுதி கம்பளிபோல் படிந்திருப்பதைக் காண்பீர்கள்.

கேள்வி: ஐயா, கணினியின் கேஸை வெறுங்காலுடன் தொட்டால் கையில் சுள்ளென்று ஏறுகிறது. மின்சாரம் நின்றால் யூபிஎஸ் இருந்தும் கணினி உடனே நின்றுவிடுகிறது. இரண்டு வருடத்துக்கு முந்திய நல்ல கணினி. பழுது எங்கே?
வல்வெட்டித்துறை வாசகர்

பதில்: பெரும்பாலும் பழுது கணினியில் இல்லை. சுள்ளென்று ஏறுவது, உங்கள் பிளக் பொயின்டுக்கு எர்த் இணைப்பு இல்லை அல்லது அது அறுந்திருக்கிறது என்பதற்கான அடையாளம். பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிக்கும் சிறு மின்தேக்கிகள் கேஸுடன் இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இல்லாதபோது 230 வோல்டில் ஏறத்தாழப் பாதி கேஸின் உடலில் ஏறி நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்றாலும், எர்த் இல்லாத வீட்டில் மின்னல் பாதுகாப்புக் கருவிகள் தம் வேலையைச் சரிவரச் செய்ய மாட்டா. நமது சுண்ணாம்புக்கல் நிலத்தில், கோடையில் மண் காயும்போது எர்த் கம்பியின் தடை உயர்ந்துவிடும். அனுமதிப்பத்திரமுள்ள மின் வேலையாளர் ஒருவரை அழைத்து எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ட்ரிப் சுவிட்சையும் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பரீட்சிக்கச் சொல்லுங்கள். அதுவரை அந்த மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடப்டரில் செருகிப் பாவிக்க வேண்டாம்.

யூபிஎஸ் பெரும்பாலும் 650 விஏ ஆக இருக்கும் என எண்ணுகிறேன். அந்த எண்ணை வாட் என்று கருதுவதே பொதுவான தவறு. அவ்வகை யூபிஎஸ் பலவற்றின் உண்மையான கொள்ளளவு 360 வாட் அளவுதான். கேம் ஓடும்போது மின்சாரம் நின்றால் அதனால் சுமக்க முடியாமல் அதுவும் சேர்ந்து நின்றுவிடுகிறது. வாங்கும்போது பின்பக்கத் தகட்டில் வாட் எண்ணை வாசியுங்கள். இரண்டாவதாக, தூய சைன் அலை தரும் யூபிஎஸ்ஸைக் கேளுங்கள். படிக்கட்டு அலை தரும் மலிவானவற்றோடு இக்காலப் பவர் சப்ளைகளில் சில ஒத்துழைக்காமல் நின்றுவிடும். பட்டரியையும் சோதித்துவிடுங்கள், இரண்டு மூன்று வருடத்தில் அது தளர்ந்துவிடுவது இயல்பு. 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை சென்ற மின்வெட்டை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டதையும் மறக்கவில்லை. யூபிஎஸ் தரும் பத்து நிமிடம் வேலையைச் சேமித்து ஒழுங்காக அணைப்பதற்கே உரியது.

கேள்வி: ரொறன்ரோவிலிருந்து சித்தப்பா ஆவணியில் வருகிறார். கிராபிக்ஸ் காட்டையும் பவர் சப்ளையையும் அவரிடம் சொல்லி எடுப்பித்தால் இலாபமா?
சாவகச்சேரி வாசகர்

பதில்: விலையில் இலாபம் வரலாம், உத்தரவாதத்தில் நட்டம் வரலாம். பல நிறுவனங்கள் வாங்கிய நாட்டிலேயே உத்தரவாதத்தைக் கோர வேண்டும் என்று வைத்திருக்கின்றன. காட் பழுதானால், அடுத்த முறை யாராவது கனடாவுக்குப் போகும் வரை காத்திருக்க நேரும். ஆகவே காட்டை இங்கே வாங்குங்கள். பவர் சப்ளை வந்தால், அதன் தகட்டில் 100 தொடக்கம் 240 வோல்ட் வரை என்று எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள், நல்லவற்றில் இருக்கும். அதனுடன் வரும் தட்டை முள் வயரை எறிந்துவிட்டு, நம் மூன்று சதுர முள் வயர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். லண்டனிலிருந்து வருவதானால் வயரும் பொருந்தும்.

இதனுடன் தொடர்புடைய ஒன்று. கொழும்பில் பொருத்தி முடித்த கணினியை லொறியில் எடுப்பிப்பவர்கள், கிராபிக்ஸ் காட்டைக் கழற்றி அதன் சொந்தப் பெட்டியில் தனியாக அனுப்பச் சொல்ல வேண்டும். இரண்டு கிலோவை நெருங்கும் காட், சுமார் 400 கிலோமீற்றர் குலுங்கியபடி மதர்போட்டில் தொங்கிவந்தால் என்னவாகும் என்பதை என் உறவினர் ஒருவரின் வீட்டில் பார்த்தேன். பெட்டியைத் திறந்தபோது காட் செருகப்படும் பிளாஸ்டிக் பள்ளம் ஒரு பக்கம் பிய்ந்து, வெள்ளைத் தழும்புடன் மேலெழுந்து நின்றது. புதிய மதர்போட் வாங்க வேண்டியதாயிற்று.

கேள்வி: 5080 வாங்கினால் ஒன்லைன் கேமில் பிங் குறையுமா?
நெல்லியடி வாசகர்

பதில்: குறையாது. பிங் என்பது உங்கள் கட்டளை சேவையகத்துக்குப் போய்த் திரும்பும் நேரம். யாழ்ப்பாணத்திலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,800 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லும் என்பதால், போய்வருவதற்கு மட்டும் 28 மில்லிசெக்கன் ஆகும். உண்மையான பாதை இன்னும் நீளமானது. எந்தக் காட்டாலும் இதைச் சுருக்க முடியாது. நீங்கள் செய்யக்கூடியது, வைஃபையை விட்டு ரௌட்டரிலிருந்து கணினிக்கு லான் வயர் இழுப்பதுதான். பிங் ஏறி இறங்குவது அதனால் கணிசமாகக் குறையும். ஐப்பசியில் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கோடு அந்த லான் வயரையும் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள், ஏனெனில் மின்னல் அந்த வழியாகவும் வந்து மதர்போட்டின் லான் துளையைக் கருக்கிவிடும்.