பால் முந்தி, குட்டி பிந்தி

அன்புள்ள ஐயா,

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், "வாத்து மாதிரி அலகுள்ள ஆஸ்திரேலிய விலங்கான பிளாட்டிபஸ் முட்டையிடுகிறதே, அப்புறம் எப்படி அது பாலூட்டி?" என்று கேட்டாள். "அது விதிவிலக்கு, மனப்பாடம் செய்துகொள்" என்றேன். திமிங்கிலம், வௌவால் பற்றியும் கேட்கிறாள். எனக்கும் ஒரு கேள்வி: டைனோசர்கள் அழியாமல் இருந்திருந்தால் பாலூட்டிகள் இவ்வளவு தலையெடுத்திருக்குமா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் மகளுக்கு என் அன்பு. உங்கள் மேல் கோபம்தான். கேள்வி கேட்ட குழந்தையிடம் மனப்பாடம் செய் என்பதா? முதலில் அவளிடம் போய், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லுங்கள்.

திமிங்கிலத்திலும் வௌவாலிலும் புதிர் ஏதுமில்லை. இரண்டும் பாலூட்டுகின்றன; இரண்டின் காதுக்குள்ளும் நமக்கு இருப்பதைப் போலவே மூன்று குட்டி எலும்புகள் உண்டு. டைனோசர் கேள்வியை இன்று விடுங்கள். நடந்ததையே நாம் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

குட்டி போடுவதுதான் பாலூட்டியின் அடையாளம் என்று யார் சொன்னது? தேள் குட்டி போடுகிறது. சுறாக்களில் பலவும் போடுகின்றன. 1758-ல் உயிரினங்களை வகைப்படுத்திய அறிஞர் லின்னேயஸ் இந்தக் கூட்டத்துக்குப் பெயர் வைத்தபோது முலையை வைத்துத்தான் வைத்தார். நம் சொல்லும் பாலூட்டிதானே, குட்டிபோடி இல்லையே!

சில மாதங்களாக என் மனதில் ஓடுவதும் இதுதான். பால் முந்தி, குட்டி பிந்தி. பாலூட்டிகளின் மூதாதைகள் முட்டையிட்டவை. அந்த முட்டைகளுக்குக் கெட்டியான ஓடு இருந்திருக்காது, எளிதில் காய்ந்திருக்கும். தாயின் தோல்சுரப்பிகளிலிருந்து கசிந்த ஈரம் அவற்றைக் காயாமல் காத்தது, அந்தக் கசிவே பின்னால் பாலானது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இப்போது பிளாட்டிபஸைப் பாருங்கள். அதற்குக் காம்பே கிடையாது. வயிற்றுத் தோலில் பால் கசிந்து மயிரில் ஊறுகிறது, குஞ்சு அதை அங்கிருந்தே குடிக்கிறது. இதையா விதிவிலக்கு என்கிறீர்கள்? பழைய வழக்கத்தை விடாமல் வைத்திருக்கும் உறவு அது. 1799-ல் ஆங்கிலேய விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா அதை விவரித்து எழுதியபோது, யாரோ வாத்தின் அலகை ஒட்டவைத்து ஏமாற்றுகிறார்களோ என்று அவருக்கே சந்தேகம். அது முட்டையிடுவதை இன்னொரு விலங்கியலாளர் வில்லியம் கால்டுவெல் நேரில் கண்டு உறுதிசெய்ய 1884 ஆயிற்று.

ஒருமுறை என் புத்தக அலமாரியின் அடித்தட்டில் ஒரு பூனை நான்கு குட்டிகள் போட்டது. கண் திறக்கவில்லை, காதும் மூடியே இருந்தது. அப்படியிருந்தும் சாம்பல் குட்டி மற்ற காம்புகளையெல்லாம் தாண்டி, மோப்பம் பிடித்துக்கொண்டு கடைசிக் காம்புக்கே போகும். வேறொன்று அங்கே வாய் வைத்தால் தலையால் முட்டித் தள்ளும். பிடித்ததும் முன்னங்கால்கள் இரண்டும் மாறி மாறி மடியை அமுக்கும்; அமுக்க அமுக்கப் பால் இறங்கும்.

நான்காவது வாரம் தாய் திரும்பி வரவில்லை. பூனைக்குட்டிகளுக்கான பால்மாவைக் கரைத்துச் சொட்டுக்குழாயில் கொடுத்தேன். மூன்று குடித்தன. சாம்பல் குட்டி வாயைத் திறக்கவே இல்லை. இரவு முழுக்க முயன்றேன். விடியும்போது கை நடுங்கிப் பால் மணிக்கட்டில் சிந்தியது. அதை மோந்து பார்த்தது. அப்புறம் என் கைமயிரில் ஊறிய பாலைச் சொரசொரப்பான நாக்கால் நக்க ஆரம்பித்தது. நான் கையை அசைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பிளாட்டிபஸ் குஞ்சு பால் குடிக்கும் விதத்தைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த மணிக்கட்டுதான்.