ஸ்கோப்பை எத்தனை மீட்டரில் ஜீரோ செய்வது?

கேள்வி: தோட்டத்தில் தகர டப்பா, காகித இலக்கு வைத்துச் சுடுவதற்காக .177 அங்குலத் துளையுள்ள ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் வாங்கினேன். கூடவே நாலு மடங்கு பெரிதாகக் காட்டும் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி). மொட்டை மாடியில் 10 மீட்டரில் ஜீரோ செய்தபோது, அதாவது குறிபார்க்கும் இடத்திலேயே பெல்லட் (சிறு ஈயக் குண்டு) விழும்படி ஸ்கோப்பைத் திருகி வைத்தபோது, நடுப்புள்ளியில் விழுந்தது. தோட்டத்தில் 20 மீட்டரில் ஒரு விரல் அகலம் மேலே போகிறது. 35 மீட்டரில் கீழே இறங்கிவிடுகிறது. கடைக்காரர், "இந்த ஸ்கோப் பத்தாது சார், பெரிசா ஒண்ணு போட்டு 50 மீட்டருக்கு செட் பண்ணித் தர்றேன்" என்கிறார். என்ன செய்யலாம்? – வாசகர், நாமக்கல்

பதில்: முதலில் அந்தப் பெரிய ஸ்கோப்பை வாங்காதீர்கள். இருக்கிற ஸ்கோப்பையே 25 மீட்டரில் ஜீரோ செய்யுங்கள். உங்கள் ரைஃபிளிலும் கோளாறு இல்லை, கண்ணிலும் இல்லை. நீங்கள் எழுதியிருப்பது அப்படித்தான் நடக்கும்.

ஏன் என்று சொல்கிறேன். ஸ்கோப் குழலுக்கு மேலே சுமார் 4 செ.மீ. உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் பார்வை நேர்கோடு. பெல்லட்டோ குழலை விட்ட நொடியிலிருந்து விழுந்துகொண்டே போகிறது. இரண்டும் சந்திக்க வேண்டுமானால் குழல் துளி மேல்நோக்கி இருக்க வேண்டும். மாங்காய்க்குக் கல் எறிகிறவன் கொஞ்சம் தூக்கி எறிவதில்லையா, அதே கதை. ஆகவே பெல்லட் கீழிருந்து வந்து பார்வைக் கோட்டை ஒருமுறை வெட்டி மேலே போகும், அப்புறம் இறங்கி இன்னொரு முறை வெட்டும். ஜீரோ என்பது ஒன்றல்ல, இரண்டு. நீங்கள் 10 மீட்டரில் வைத்தது கிட்ட இருக்கிற ஜீரோ. இரண்டாவது ஜீரோ எங்கோ 28 மீட்டர் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது.

நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போகும் சாதாரண உருண்டைத் தலை பெல்லட்டுக்குக் கணக்குப் போட்டால், 10 மீட்டர் ஜீரோவில் 20 மீட்டரில் ஒன்றேகால் செ.மீ. மேலே, 35 மீட்டரில் இரண்டரை செ.மீ. கீழே. உங்கள் கடிதத்தில் இருப்பதும் ஏறக்குறைய இதுதான். இதையே 25 மீட்டரில் ஜீரோ செய்தால் 8 மீட்டரிலிருந்து 28 மீட்டர் வரை எங்கே சுட்டாலும் பெல்லட் ஒரு செ.மீ.க்கு மேல் விலகாது. டப்பாவுக்கு இது தாராளம். கடைக்காரர் சொல்வதுபோல் தூரத்தில் கொண்டுபோய் வைத்தால்? 50 மீட்டர்கூட வேண்டாம், 40 மீட்டரில் ஜீரோ செய்து பாருங்கள்: 20, 25 மீட்டரில் நாலு செ.மீ. மேலே போகும். நீங்கள் அதிகம் சுடும் தூரத்தில் எல்லாம் தப்பும்.

பெட்டியில் "நொடிக்கு 1000 அடி" என்று அச்சடித்திருப்பதை நம்பி இந்தக் கணக்கைப் போடாதீர்கள். இறகு மாதிரி இலேசான உலோகப் பெல்லட்டைப் போட்டு அளந்த வேகம் அது. நம் ஊரில் விற்கும் ஈயப் பெல்லட்டில் வராது. வேகமானி எல்லாம் தேவையில்லை. இப்போது இருக்கும் 10 மீட்டர் ஜீரோவோடு 25 மீட்டரில் ஐந்து குண்டு போடுங்கள். ஐந்தும் குறிக்குச் சற்று மேலே கூட்டமாக விழுந்தால் 25 மீட்டர் ஜீரோ உங்களுக்குச் சரி. இரண்டு செ.மீ. கீழே இறங்கினால் ரைஃபிள் மெதுவானது. ஜீரோவை 20 மீட்டரில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

திருகுவதற்கு முன் ஒன்று. ஒரு குண்டைப் பார்த்துத் திருகாதீர்கள். ஐந்து குண்டின் நடுவைப் பார்த்துத் திருகுங்கள். ஸ்கோப்பில் ஒரு க்ளிக்குக்குக் கால் அங்குலம் என்று போட்டிருப்பது 100 கெஜத்துக்கு. 25 மீட்டரில் ஒரு செ.மீ. நகர்த்த ஐந்தாறு க்ளிக் வேண்டும். ரைஃபிளை இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையில் படுக்கவைத்துச் சுடுங்கள்.

அந்தப் பெரிய ஸ்கோப் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மாதம் ஒருவராவது இதில் ஏமாந்து என்னிடம் வருகிறார். நிஜத் துப்பாக்கிக்குச் செய்த ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 கெஜத்தைக் கணக்கில் வைத்துச் செய்தவை. 15 மீட்டரில் படம் மங்கும், கண் லேசாக நகர்ந்தால் குறுக்குக் கம்பியும் நகரும். அதைவிட மோசம், ஸ்பிரிங் ரைஃபிள் பின்னால் உதைத்துவிட்டு உடனே முன்னாலும் உதைக்கும். பின்னுதைக்கு மட்டும் பழகிய ஸ்கோப்பின் உள்பாகம் சில நூறு குண்டிலேயே ஆடத் தொடங்கும். அப்போது நீங்கள் எந்தத் தூரத்தில் ஜீரோ செய்தாலும் நிற்காது. "லேசர் வைத்துக் கடையிலேயே ஜீரோ பண்ணிட்டோம்" என்பதும் இதே ரகம். லேசர் போகிற வழியில் பெல்லட் போகாது.

இதே ஆட்கள்தான் "ஸ்பிரிங் மாற்றிப் பவர் ஏற்றித் தருகிறேன்", "பாயிண்ட் டூ டூ (.22 அங்குல) குழல் இருக்கு" என்றும் ஆரம்பிப்பார்கள். 2016 ஆயுத விதிகளின்படி குழலின் துளை 4.5 மி.மீ.க்கு (உங்களுடைய .177 அங்குலம் அதுதான்) மேல் போனாலோ பெல்லட்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போனாலோ உரிமம் வேண்டும். விற்றவர் மட்டுமல்ல, நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். விதியை எழுதி வைத்தவர்கள் அதைக் கடை வாசலில் ஒரு பலகையாக மாட்டச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் பிழைத்திருப்பார்கள்.

ஒரேயொரு இடத்தில் நான் சொன்னது செல்லாது. 10 மீட்டரில் மட்டுமே சுடுவீர்கள் என்றால் 10 மீட்டரிலேயே ஜீரோ செய்யுங்கள், வேறு யோசனையே வேண்டாம். ஆனால் "பொண்ணு போட்டிக்குப் போறா, 10 மீட்டர் பயிற்சிக்கு ஸ்கோப் வாங்கலாமா" என்று கேட்கும் பெற்றோர்களே, தயவுசெய்து நில்லுங்கள். ஒலிம்பிக்கில் 2008-ல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற அந்த 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியே கிடையாது. பின்னால் சிறு துளை, முன்னால் ஒரு வளையம், அவ்வளவுதான் பார்வைக் கருவி. ஸ்கோப்பில் ஒரு வருடம் பழகிய குழந்தைக்கு அந்தத் துளை வழியே பார்க்க முதலிலிருந்து சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அந்தப் பணத்தில் நல்ல பெல்லட் வாங்குங்கள், பயிற்சிச் சட்டை வாங்குங்கள். ஸ்கோப் வேண்டாம்.

25 மீட்டருக்கு எங்கே போவது என்று அடுத்துக் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் போய்வந்த கிளப்புகளில் ஏர் ரைஃபிளுக்கு 10 மீட்டர் வரிசை மட்டும்தான். பக்கத்திலேயே 25 மீட்டர் தளம் காலியாகக் கிடந்தாலும் விட மாட்டார்கள். கேட்டால் விண்ணப்பம், கையெழுத்து, அடுத்த வாரம். உங்களுக்குத் தோட்டம் இருப்பது பாக்கியம். இலக்குக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மண்மேடு போடுங்கள், பாறை வேண்டாம். தவறிய பெல்லட் முந்நூறு மீட்டர்கூடப் போகும். மயில் வந்தால் துப்பாக்கியைக் கீழே வையுங்கள். 1972 வனவிலங்குச் சட்டத்தில் அதற்கு உச்சப் பாதுகாப்பு, விளைச்சலைத் தின்றது என்ற வாதம் எடுபடாது.

ஜீரோ ஆனதும் எந்தப் பெல்லட்டில் செய்தீர்களோ அதன் பெயரை ஒரு ஒட்டுத்தாளில் எழுதி ரைஃபிள் கட்டையில் ஒட்டிவிடுங்கள். வேறு பெல்லட் டப்பாவைத் திறந்தால், அதே பிராண்டாக இருந்தாலும், மறுபடி 25 மீட்டரில் ஐந்து குண்டு.